வெட்டிய கட்டையும் ஒட்டிய கட்டையும்

நியூயார்க் நகரத்திலிருந்து ஹட்சன் ஆற்றோடு வடக்கே சுமார் ஐம்பது மைல் போனால் போல்லப்பெல் என்ற சின்னத் தீவு வரும். அங்கே பாதி இடிந்து நிற்கும் கோட்டையைப் பார்ப்பவர்கள் ஏதோ ஐரோப்பியப் பிரபுவின் அரண்மனை என்று நினைத்துவிடலாம். உண்மையில் அது ஒரு கிடங்கு. பிரான்சிஸ் பானர்மேன் என்ற பழைய ராணுவச் சாமான் வியாபாரி கட்டியது. 1898-இல் ஸ்பெயினோடு நடந்த போரில் அமெரிக்கப் படை கைப்பற்றிய ஆயுதங்களில் பெரும்பகுதியை அவர் மொத்தமாக வாங்கிப் போட்டார். அவ்வளவு தோட்டாவையும் வெடிமருந்தையும் ஊருக்கு நடுவே வைத்துக்கொள்ள முடியாதே! 1900-இல் தீவையே விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டு கட்டத் தொடங்கினார். ஆற்றில் போகிற கப்பலில் இருந்து படிக்கும்படி சுவரில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் பொறித்துக்கொண்டார். விளம்பரச் செலவு மிச்சம்.

போர் முடிந்தால் வீரன் ஊருக்குத் திரும்புகிறான். அவன் கையில் இருந்த துப்பாக்கி எங்கே போகிறது? பாதி உலைக்குப் போகும், கொஞ்சம் வேறொரு நாட்டின் போருக்குப் போகும். மிச்சம் பானர்மேன் போன்றவர்களின் விலைப்பட்டியலில் ஏறி, அங்கிருந்து ஏதோ ஒரு விவசாயியின் அடுப்படிச் சுவருக்கு வந்து சேரும். வந்த துப்பாக்கியை அப்படியே யாரும் மாட்டி வைக்கவில்லை. ரம்பம் எடுத்தார்கள், அரம் எடுத்தார்கள், மான் வேட்டைக்கு ஏற்றபடி மாற்றினார்கள். இரண்டு தலைமுறை கழித்து அவர்களுடைய பேரன்கள், தாத்தா வெட்டியெறிந்த மரத்துண்டைத் தேடிப் பிடித்துத் திரும்ப ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டாக நடந்துவரும் இந்த வெட்டலும் ஒட்டலும் சுவாரஸ்யமான கதை. அதில் வங்காளத்து இச்சாப்பூருக்கும் ஒரு பங்கு உண்டு.

முதலில் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் என்பது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி வேலை செய்வது. பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்டு முடிந்த தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளி மடக்கினால் புதுத் தோட்டா உள்ளே போய் இறுகப் பூட்டிக்கொள்ளும். இதை உலகத்தரத்துக்கு உயர்த்தியவர் ஜெர்மனியின் நெக்கார் ஆற்றங்கரை ஊரான ஓபர்ன்டார்ஃபைச் சேர்ந்த பால் மவுசர். 1898-இல் ஜெர்மன் படை ஏற்றுக்கொண்ட அவருடைய 98-ஆம் மாதிரியின் பூட்டு முறையைத்தான் இன்று கடைக்கு வரும் பல வேட்டைத் துப்பாக்கிகளும் ஏதோ ஒரு விதத்தில் பின்பற்றுகின்றன. பிரிட்டிஷ் பேரரசின் லீ-என்ஃபீல்டு வேறு வம்சம். ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்த ஜேம்ஸ் பாரிஸ் லீ அதன் பூட்டையும் தோட்டாப் பெட்டியையும் வடிவமைத்தார். நம்மூர்க் காவல் நிலையங்களில் 'திரி நாட் திரி' (.303) என்று பேர் வாங்கியது இதுதான்.

பானர்மேன் வாங்கிய ஸ்பானியச் சரக்கில் மவுசர்கள் இருந்தன. அதே மவுசர்களை கியூபாவின் சான் ஹுவான் குன்றில் எதிர்கொண்டவர்களில் ஒருவர் தியடோர் ரூஸ்வெல்ட். அமெரிக்கப் படையின் கையில் இருந்த கிராக் ரைபிளில் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஸ்பானியர்களோ ஐந்து தோட்டா செருகிய பட்டையை வைத்து ஒரே அழுத்தில் நிரப்பிக்கொண்டார்கள். அடி வாங்கிய அமெரிக்கா பாடம் படித்தது. 1903-இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையிலிருந்து வந்த புது ரைபிள், மவுசரை அப்பட்டமாகப் பின்பற்றியிருந்தது. கடைசியில் மவுசர் நிறுவனத்துக்கு இரண்டு லட்சம் டாலர் உரிமத்தொகை கட்ட வேண்டியதாயிற்று.

அதற்குள் ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆகியிருந்தார். புது ரைபிள் வந்த அதே ஆண்டில், தனக்கொன்று வேட்டைக்கு ஏற்ற மரக்கட்டையோடு செய்து தரும்படி ஆயுதச்சாலைக்குச் சொல்லி அனுப்பினார். நாட்டின் தலைவரே கேட்டால் மறுப்பார்களா? 1909-இல் பதவி முடிந்து அவர் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைப் பயணம் போனபோது இந்த ஸ்பிரிங்ஃபீல்டும் கூடப் போனது. போருக்குச் செய்த ரைபிளை வேட்டைக்கு மாற்றும் அமெரிக்கப் பழக்கத்துக்கு யார் பிள்ளையார் சுழி போட்டது என்று கேட்டால் ரூஸ்வெல்ட் என்று சொல்வது பெரிய தவறாகாது.

ரூஸ்வெல்ட் அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தை நியூயார்க்கில் சீமோர் கிரிஃபின் என்ற மரத்தச்சர் படித்தார். நாற்காலி மேசை செய்கிற கை அவருடையது. ஒரு ஸ்பிரிங்ஃபீல்டை வாங்கி, ராணுவக் கட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நல்ல வால்நட் மரத்தில் புதுக் கட்டை இழைத்தார். பார்த்தவர்கள் எனக்கும் ஒன்று என்றார்கள். ராணுவ ஆயுதச்சாலை ஒன்றின் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்த ஜேம்ஸ் ஹோவுக்கு உலோக வேலை கைவந்த கலை. இருவரையும் சேர்த்துவைத்தவர் கர்னல் டவுன்சென்ட் வேலன், ரைபிள்களைப் பற்றி விடாமல் எழுதிய ராணுவ அதிகாரி. 1923-இல் 'கிரிஃபின் அண்ட் ஹோ' பிறந்தது. எர்னஸ்ட் ஹெமிங்வே ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போன ஸ்பிரிங்ஃபீல்டு அந்தக் கடையில் செய்ததுதான். இவர்களுக்கு முன்பே, 1910 வாக்கில், லாஸ் ஏஞ்சலஸில் லுட்விக் வுண்ட்ஹாமர் என்ற கம்மியர் நாவலாசிரியர் ஸ்டூவர்ட் எட்வர்ட் ஒயிட் போன்றவர்களுக்காக இதே வேலையைச் செய்து கொடுத்திருந்தார்.

இதெல்லாம் வசதி படைத்தவர்கள் சங்கதி. சாதாரண ஆளுக்கு வாசல் திறந்தது அரசாங்கம். குடிமக்கள் குறி பார்த்துச் சுடப் பழகினால் நாளைக்குப் படைக்கு உதவும் என்ற எண்ணத்தில், பழைய ரைபிள்களை தேசிய ரைபிள் சங்க உறுப்பினர்களுக்கு மலிவாக விற்றார்கள். சான் ஹுவானில் மவுசரிடம் பின்தங்கிய கிராக் 1920-களில் ஒன்றரை டாலருக்குக் கிடைத்தது. முதல் உலகப் போருக்காக இருபது லட்சத்துக்கு மேல் செய்து குவித்த எம்1917 ரைபிளும் இப்படி வெளியே வந்தது. பிரான்சுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோர் சுமந்தது அதைத்தான். பெயரைத் தட்டிக்கொண்டு போனது ஸ்பிரிங்ஃபீல்டு. எம்1917-இன் பின்புறக் குறிமுனைக்கு இருபக்கமும் காது மாதிரி இரண்டு இரும்பு மடல்கள் நிற்கும். வாங்கியவர்கள் முதல் வேலையாக அதைத்தான் ராவித் தள்ளினார்கள். ரெமிங்டன் நிறுவனம் கொஞ்சம் புத்திசாலித்தனமாக யோசித்தது. போர் ஒப்பந்தம் முடிந்து மிஞ்சிக் கிடந்த உதிரிப் பாகங்களை வைத்தே 1921-இல் ஒரு வேட்டைத் துப்பாக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உபரியைத் தொழிற்சாலையே உருமாற்றி விற்ற கதை அது.

ஆனால் உண்மையான வெள்ளம் 1945-க்குப் பிறகுதான் வந்தது.

முதலில் வந்தவை சிப்பாய்களின் தோள்பையில் வந்தவை. ஜெர்மனியின் கே98கே, ஜப்பானின் அரிசாகா இரண்டையும் வெற்றிச் சின்னமாக வீட்டுக்கு எடுத்துப் போக அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். பை நீளம் போதவில்லை என்றால் முன்கட்டையை இரும்பு வளையத்துக்குக் கீழே இரண்டாக அறுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான் சிப்பாய். வீட்டுக்கு வந்து மாட்டினால் வளையம் வெட்டை மறைத்துவிடும். இந்த வெட்டை இன்றைய சேகரிப்பாளர்கள் பெரிதாகக் குறை சொல்வதில்லை. அந்தத் துப்பாக்கி நிஜமாகவே போர்முனையிலிருந்து வந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அடுத்து வந்தது கப்பல் கப்பலாக வந்தது. 1954-இல் நேட்டோ நாடுகள் ஒரே வகைத் தோட்டாவுக்கு ஒப்புக்கொண்டு தானியங்கி ரைபிள்களுக்கு மாறத் தொடங்கின. ஐரோப்பாவின் கிடங்குகளில் லட்சக்கணக்கான போல்ட் ஆக்‌ஷன்கள் ஒரே நாளில் பழைய இரும்பு ஆயின. இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர் சாம் கம்மிங்ஸ். சி.ஐ.ஏ.வில் சில காலம் வேலை பார்த்துவிட்டு 1953-இல் 'இன்டர்ஆர்ம்கோ' தொடங்கினார். வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில், அலெக்சாண்ட்ரியா நகரின் பொடோமாக் ஆற்றோரக் கிடங்குகளை நிரப்பினார். அரசாங்கங்களிடம் டன் கணக்கில் பேரம் பேசுவார். வேட்டைக்காரனிடம் ஒன்று ஒன்றாகத் தபாலில் விற்பார். பத்திரிகையில் கூப்பன் வரும். அதை வெட்டி மணியார்டரோடு அனுப்பினால் துப்பாக்கி வீட்டு வாசலுக்கு வரும். வின்செஸ்டர் நிறுவனத்தின் மாடல் 70 வேட்டைத் துப்பாக்கி நூறு டாலருக்கு மேல் விற்ற காலத்தில் இங்கே பத்து இருபது டாலருக்கு ஒரு மவுசரோ என்ஃபீல்டோ கிடைத்தது.

வந்த பெட்டியைத் திறந்தால் முதலில் கைக்கு அகப்படுவது கிரீஸ். காஸ்மோலின் எனப்படும் பழுப்பு நிறப் பிசின் மாதிரியான கொழுப்பு, பத்து வருடம் கிடங்கில் கிடந்தாலும் துருப் பிடிக்காதபடி இண்டு இடுக்கெல்லாம் அப்பியிருக்கும். அதை வெந்நீரிலும் மண்ணெண்ணெயிலும் கரைத்து எடுப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

பிறகு ரம்பம். ராணுவ ரைபிளின் மரம் குழலின் முனைவரை நீண்டிருக்கும். சுட்டுச் சுட்டுக் குழல் காய்ந்தால் சிப்பாயின் கை பொசுங்கக் கூடாது என்பதும், கத்தி செருகிக் குத்தும்போது பலம் வேண்டும் என்பதும் அதற்குக் காரணம். மானுக்கு இரண்டு தோட்டாவுக்கு மேல் செலவு செய்யாத வேட்டைக்காரனுக்கு அது வெறும் பாரம். எனவே முன்கட்டை பாதியாகக் குறையும், மேல்மூடி மரம் போய்விடும், கத்தி மாட்டும் கொக்கி அரத்தில் தேயும். தொலைநோக்கி மாட்ட, பூட்டு அமரும் தலைப்பாகத்தில் துளை போட்டு மரை வெட்டுவார்கள். பழைய மவுசரின் பிடி நேராக நீட்டிக்கொண்டிருக்கும். தூக்கினால் தொலைநோக்கியில் இடிக்கும். பிடியைப் பழுக்கக் காய்ச்சிக் கீழ்நோக்கி வளைப்பார்கள், அல்லது வெட்டிவிட்டு வேறு பற்றவைப்பார்கள். காய்ச்சும்போது சூடு பூட்டு முகப்புவரை ஏறிவிட்டால் இரும்பின் பதம் கெட்டுவிடும் என்பதால் அதற்கு ஈரத்துணி சுற்றிப் பாதுகாப்பது வழக்கம்.

கட்டையையே மாற்ற நினைத்தவர்களுக்கு மிசௌரி மாநிலத்தின் வார்சா என்ற சிற்றூர் இருந்தது. பிஷப், ஃபாயென் என்று இரண்டு நிறுவனங்கள் அங்கே வால்நட் மரத்தைக் கட்டையாகச் செதுக்கி நாடெங்கும் தபாலில் அனுப்பின. உள்வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும். மிச்சத்தை வாங்கியவர் தன் சமையலறை மேசையில் உளியும் உப்புத்தாளும் வைத்துச் செய்துகொள்ள வேண்டும். அமெரிக்கத் துப்பாக்கிப் பட்டறைத் தொழிலில் ஒரு தலைமுறையே இப்படி மலிவுச் சரக்கில் கை பழகித்தான் உருவாயிற்று. கெடுத்தாலும் பதினைந்து டாலர்தானே நஷ்டம்!

எல்லாக் கெடுதலும் பதினைந்து டாலரோடு முடிந்துவிடவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டின் தொடக்க கால ரைபிள்களில் ஓர் அபாயம் ஒளிந்திருந்தது. 1917-இல் சிலவற்றின் தலைப்பாகம் சுடும்போதே கண்ணாடி மாதிரி நொறுங்கியது. விசாரித்தபோது வெளிவந்த காரணம் வேடிக்கையானது. உலையில் இரும்பு எவ்வளவு காய்ந்தது என்பதை அனுபவசாலிகளான கொல்லர்கள் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்துவந்தார்கள். வெயில் அடிக்கிற நாளில் பட்டறையின் வெளிச்சம் வேறு, மேகம் மூடிய நாளில் வேறு. வெப்பமானி வைத்துப் பார்த்தால், சரியான சூடு என்று அவர்கள் நினைத்த இரும்பு சில சமயம் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதலாகக் காய்ந்திருந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் வரிசை எண் எட்டு லட்சத்துக்கு முன்னால் வந்தவற்றை இன்றும் அறிந்தவர்கள் சுடுவதில்லை. சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

ஜப்பானிய அரிசாகாவின் கதை நேர் எதிர். போரின் கடைசி மாதங்களில் அவசரத்தில் செய்த கரடுமுரடான மாதிரிகளைப் பார்த்து, இது தகரம் என்று அமெரிக்கர்கள் கேலி பேசினார்கள். பி.ஓ. ஆக்லி என்ற கம்மியர் வெவ்வேறு நாட்டு ரைபிள்களின் பூட்டுகளை அவை உடையும்வரை வெடிமருந்தை ஏற்றி ஏற்றிச் சோதித்தார். கடைசிவரை தாங்கி நின்றது அரிசாகாவின் 38-ஆம் மாதிரி. அதைவிட அதிசயமானது ஒரு வேட்டைக்காரரின் ரைபிள். 6.5 மில்லிமீட்டர் அரிசாகாவுக்குத் தோட்டா கிடைக்கவில்லை என்று, தோட்டா அமரும் அறையை மட்டும் அமெரிக்கத் தோட்டாவுக்கு ஏற்ப அகலப்படுத்திவிட்டு, குழலை அப்படியே விட்டிருந்தார்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பருத்த குண்டு அந்தக் குறுகிய துளை வழியே நசுங்கி நீண்டு வெளியே போயிருக்கிறது. அவர் அதில் மானும் சுட்டிருக்கிறார். துப்பாக்கி ரொம்ப உதைக்கிறது என்பது மட்டுமே அவருடைய புகார்.

அமெரிக்காவில் இந்த வேலையைத் தூண்டியது மலிவு என்றால், பிரிட்டிஷ் பேரரசின் சில மூலைகளில் சட்டம் தூண்டியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ராணுவத் தோட்டா போடும் துப்பாக்கியைக் குடிமக்கள் வைத்துக்கொள்ளக் கட்டுப்பாடு இருந்தது. லித்கோ தொழிற்சாலையில் செய்த .303-கள் குவிந்து கிடந்தன, வைத்துக்கொள்ளத்தான் வழியில்லை. கம்மியர்கள் .303 தோட்டாவின் கழுத்தை இறுக்கி .25 அங்குலக் குண்டு செருகினார்கள், குழலை மாற்றினார்கள். .303/25 என்ற புதுத் தோட்டா பிறந்தது. கங்காரு வேட்டைக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

இந்தியாவில் வெள்ளைக்காரர்களுக்கு 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின் பயம் தெளியவே இல்லை. படையின் தோட்டா குடிமகனிடம் போகக் கூடாது, குடிமகனின் தோட்டா படையிடமிருந்து திருடிய துப்பாக்கிக்குப் பொருந்தக் கூடாது. பிரிட்டிஷ் படை எதுவும் பயன்படுத்தாத ஆஸ்திரிய ராணுவத்தின் 8 மில்லிமீட்டர் தோட்டா .315 என்ற பெயரில் வேட்டைக்காரர்களுக்கு வந்தது இப்படித்தான். விடுதலைக்குப் பிறகும் அந்தப் பிரிவினை நீடித்தது. கல்கத்தாவுக்கு வடக்கே இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை, லீ-என்ஃபீல்டின் அதே பூட்டை வைத்து .315 ரைபிளைச் செய்து உரிமம் பெற்றவர்களுக்கு விற்றுவந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்ற பிறகும் தற்காப்பு, பயிர்க்காவல் என்று அது பிழைத்துக்கொண்டது. வெளியே வேட்டைத் துப்பாக்கி, உள்ளே படைத் துப்பாக்கி. அமெரிக்கன் மேசையில் செய்ததை இந்தியாவில் தொழிற்சாலையே செய்தது என்று சொல்லலாம்.

அதே இச்சாப்பூரில் எதிர்த்திசையிலும் வேலை நடந்தது. பழைய .303-களின் குழலைத் துருவி வழவழப்பாக்கி, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும் .410 மஸ்கட்டுகளாகக் காவலர்களுக்குக் கொடுத்தார்கள். பழையதைப் புதிய வேலைக்குத் திருப்புவதில் அரசாங்கத்துக்கும் அமெரிக்க விவசாயிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அமெரிக்க வெள்ளத்துக்கு அணை போடத் தொடக்கத்திலேயே முயன்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? செனட்டர் ஜான் கென்னடி. 1958-இல் வெளிநாட்டு ராணுவத் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். உயிர்ப்பயம் எதுவும் அதற்குக் காரணமில்லை. அவருடைய மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் துப்பாக்கித் தொழிற்சாலைகள் நிறைய. மலிவுச் சரக்கால் அவற்றின் வியாபாரம் படுத்துவிட்டது. மசோதா அவர் நினைத்தபடி சட்டமாகவில்லை. 1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்ட் பொய்ப் பெயரில் சிகாகோக் கடை ஒன்றுக்குக் கூப்பன் அனுப்பி இத்தாலிய ராணுவத்தின் கார்கானோ ரைபிளை வாங்கினான். தொலைநோக்கியோடு 19.95 டாலர், தபால் செலவு ஒன்றரை டாலர். 1940-இல் டெர்னி நகரத்து ஆயுதச்சாலையில் செய்தது. கட்டை வெட்டாத, ராணுவத்திலிருந்து வந்தபடியே இருந்த ரைபிள். கடை கூடுதலாக மாட்டியது தொலைநோக்கி மட்டுமே. அந்த நவம்பரில் டல்லாஸில் கென்னடியைக் கொன்றது அது.

ஐந்து ஆண்டு இழுபறிக்குப் பிறகு, மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட 1968-இல், அக்டோபர் 22-ஆம் தேதி, ஜனாதிபதி ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி வாங்குவது நின்றது. ராணுவ உபரி இறக்குமதியும் நின்றது. மலிவு விலை மவுசரின் காலம் அன்றோடு முடிந்தது.

கிடைக்காத பொருளுக்கு மதிப்பு வந்துவிடும். 1980-களின் நடுவில் பழம்பொருள் என்ற கணக்கில் இறக்குமதிக்கு மறுபடி வழிவிட்டார்கள். 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் ரஷ்யாவின் மோசின்-நாகன்ட் நூறு டாலருக்கும் கீழே குவிந்தது. ஆனால் வாங்குகிறவர்களின் மனம் அதற்குள் மாறியிருந்தது. கடைகளில் நல்ல புது வேட்டைத் துப்பாக்கிகள் கைக்கெட்டும் விலையில் கிடைத்தன. பழையதை வெட்டி வேட்டைக்குத் தயார் செய்ய அவசியம் இல்லை. தாத்தா போன போருக்கு என்ன துப்பாக்கி எடுத்துப் போனார் என்று தெரிந்துகொள்ள விரும்பும் பேரன்தான் புது வாடிக்கையாளர். முழுக்கட்டையோடு இருப்பதற்கு ஒரு விலை, வெட்டியதற்கு அதில் ஒரு பங்கு என்று சந்தை தலைகீழானது. எந்த மாற்றத்துக்காகத் தாத்தா கைக்காசைச் செலவழித்தாரோ அந்த மாற்றமே விலையைக் குறைத்தது.

சீரமைப்பவரின் வேலை தாத்தாவின் வேலையைவிடக் கடினம். வெட்டுவதற்கு ரம்பம் போதும்; ஒட்டுவதற்கு அதே காலத்து, அதே தொழிற்சாலையின் முன்கட்டை வேண்டும். எங்கோ உடைந்து போன ரைபிளின் முன்பாதியை வாங்கி, மரத்தின் ரேகை ஒத்துப்போகிறதா என்று பார்த்து, வளையத்துக்கு அடியில் இணைப்பு ஒளியும்படி அளந்து ஒட்டுகிறார்கள். மரத்தில் விழுந்த பள்ளத்தை இழைத்துச் சமன் செய்வதில்லை. ஈரத்துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவியில் நசுங்கிய நார் உப்பி மேலே வரும். உப்புத்தாள் இந்த வட்டாரத்தில் கெட்ட வார்த்தை. ஆய்வாளர் குத்திய முத்திரை, படைப்பிரிவின் எண், தொழிற்சாலையின் அடையாளம் எல்லாம் ஒரு தேய்ப்பில் போய்விடும் என்பதால் அப்படி. மெருகுக்கு வார்னிஷ் கிடையாது. அந்தக் காலத்தில் படைகளில் பூசியதைப் போலவே ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்க்கிறார்கள். லீ-என்ஃபீல்டு நாலாம் மாதிரியில் போல்ட்டின் தலைப்பகுதி தனியாகக் கழன்றுவரும். 0 முதல் 3 வரை எண்ணிட்ட அளவுகள் உண்டு. தேய்ந்த ரைபிளில் அடுத்த எண்ணை மாட்டி, பூட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சரிசெய்துவிடலாம். சும்மா அழகு பார்க்க வைத்திருப்பவர்கூட இந்த இடைவெளியை அளவுகோல் வைத்துச் சோதிக்காமல் ஒரு தோட்டாவையும் போடக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

எல்லை எங்கே என்பதில்தான் சண்டை. அரிசாகாவின் தலைப்பாகத்தில் பதினாறு இதழ்ச் செவ்வந்திப்பூ இருக்கும், ஜப்பானியப் பேரரசரின் சின்னம். சரணடைந்த பிறகு ஒப்படைத்த ரைபிள்களில் அதை ராவி அழித்துவிட்டார்கள். சிலர் இன்று அதைப் புதிதாகப் பொறித்துக்கொள்கிறார்கள். இது சீரமைப்பு இல்லை, போலி. அழித்த தடமே 1945-இன் சாட்சி. அதன்மேல் பூவை வரைவது சாட்சியைக் கலைக்கிற வேலை. இன்னொரு பக்கம் வியாபாரிகளின் கைவரிசை. லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் இரண்டாம் உலகப் போரின்போது இருபதாயிரத்துக்கு மேற்பட்ட லீ-என்ஃபீல்டுகளைத் தொலைநோக்கி மாட்டி மறைந்திருந்து சுடுவோருக்கான ரைபிள்களாக மாற்றியது. இன்று அவற்றுக்கு நல்ல விலை. எனவே சாதா ரைபிளில் அதே துளையும் முத்திரையும் போட்டு விற்பவர்கள் பெருகிவிட்டார்கள்.

வெட்டியவர்களைத் திட்டுவது சேகரிப்பாளர்களிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அது நியாயமாகப் படவில்லை. 1955-இல் இரண்டு பிள்ளைகளை வைத்திருந்த ஆலைத் தொழிலாளி குளிர்காலத்துக்கு இறைச்சி வேண்டும் என்று பதினைந்து டாலரைப் போட்டு ஒரு மவுசரை வெட்டினான். அவன் வாங்காமல் விட்டிருந்தால் அது உருக்கு உலைக்குப் போயிருக்கும், அல்லது கம்மிங்ஸின் இன்னொரு வாடிக்கையாளரான ஏதோ ஒரு சர்வாதிகாரியின் படைக்குப் போயிருக்கும். ஐந்து வருடம் போரில் இருந்த துப்பாக்கி அதன்பின் ஐம்பது வருடம் ஒரு குடும்பத்தின் வேட்டையில் இருந்தது. அந்த ஐம்பதை அழித்துவிட்டு ஐந்தை மட்டும் மீட்பது எந்த வரலாற்றில் சேர்த்தி? கிரிஃபின் அண்ட் ஹோ மாற்றிய ஸ்பிரிங்ஃபீல்டுகள் இப்போது அவற்றுக்கென்றே ஏலம் போகின்றன. அவற்றைத் திரும்ப ராணுவ வடிவத்துக்குக் கொண்டுபோக யாரும் துணிய மாட்டார்கள். பணக்காரனின் வெட்டு கலை, ஏழையின் வெட்டு குற்றம் என்றால் எப்படி?

வெட்டாமலே எழுபது ஆண்டு ஓடிய .303-களும் உண்டு. கனடாவின் வடதுருவப் பகுதியில் ரோந்து போகும் ரேஞ்சர் படையினருக்கு 1947 முதல் லீ-என்ஃபீல்டுதான் துணையாக இருந்தது. அவர்களில் பலர் அந்த மண்ணின் பூர்வகுடிகள். பனியில் புதிய ரைபிள்களின் இயக்கம் உறைந்துபோகிற இடத்திலும் அது சுட்டது. பனிக்கரடி குறுக்கே வந்தால் அதுதான் காவலாக இருந்தது. 2018 வாக்கில்தான் புது ரைபிள் கைக்கு வந்தது.

நம் பக்கத்தில் இது இன்னும் நீண்ட கதை. 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியர் கைக்குப் போன பிரிட்டிஷ் ரைபிள்கள், மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களின் தோளுக்கு வந்தன. 1962 சீனப் போருக்குப் பிறகு இச்சாப்பூர், பழைய மூன்றாம் மாதிரியின் வடிவத்தை விடாமல், நேட்டோவின் 7.62 தோட்டாவுக்கு ஏற்ற உறுதியான எஃகில் 2ஏ என்ற ரைபிளைச் செய்தது. உலகமே போல்ட் ஆக்‌ஷனைக் கைவிட்ட பிறகு பிறந்த போல்ட் ஆக்‌ஷன் அது. பின்னாளில் அவற்றில் பல உபரியாக அமெரிக்காவுக்குப் போயின. மேற்கு வர்ஜீனியாவில் கிப்ஸ் என்ற நிறுவனம் அவற்றின் குழலைக் குறுக்கி, 1944-இன் காட்டுப் போர் ரைபிளை நினைவூட்டும் வடிவில் மாற்றி, ஒரு மாதிரி எண்ணையும் சூட்டி விற்றது. வங்காளத் தொழிலாளி செய்ததை அமெரிக்கக் கம்மியர் வெட்டினார். இப்போது அதையும் சிலர் பழைய வடிவத்துக்குத் திருப்ப முயல்கிறார்கள்.

உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் .303-க்கு விடை கொடுத்தது. இந்தியாவில் ஒருவர் இந்தப் பொழுதுபோக்கில் இறங்க முடியாது. 1959 ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் குற்றம். குழலைக் குறுக்குவதும் அப்படியே. ஆனால் பார்க்கத் தடை இல்லை. சென்னை எழும்பூரில், பழைய காவல் ஆணையர் அலுவலகக் கட்டடத்தில் 2021 முதல் காவல் அருங்காட்சியகம் இயங்குகிறது. கோட்டை அருங்காட்சியகத்திலும் ஆயுதங்களுக்குத் தனிப் பகுதி உண்டு. போகிறவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பழைய ரைபிளைக் கண்டால், பெயர்ப்பலகையோடு நகர்ந்துவிடாமல் முனைவரை நீளும் மரத்தையும், வளையத்துக்குக் கீழே இணைப்பு தெரிகிறதா என்பதையும், மரத்தில் எண்ணும் முத்திரையும் தேயாமல் இருக்கின்றனவா என்பதையும் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.